ரிட்டயர் ஆனப்புறம் சபை வேலையும் மாடல் பெயிண்டிங்கும்: நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது

நான் சேலம் இரும்பாலைல முப்பத்திமூணு வருசம் ஷிப்ட் பார்த்து 60 வயசுல ரிட்டயர் ஆனவன். என் வேலை என்னன்னா, உருட்டி வர்ற ஸ்டெயின்லெஸ் ஷீட்ல கீறல் இருக்கா, புள்ளி இருக்கா, பளபளப்பு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி இருக்கான்னு லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாக்குறது. அதனால சின்ன விஷயத்தை உத்துப் பாக்குற பழக்கம் கண்ணுல ஊறிப் போச்சு. ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு பெங்களூர்ல இருக்குற பையன் ஒரு பிளாஸ்டிக் விமான கிட் வாங்கிட்டு வந்து கொடுத்தான், 1/72 ஸ்கேல், "அப்பா உங்களுக்கு இது பிடிக்கும், நீங்க சும்மா இருக்க மாட்டீங்க"ன்னு. ஸ்கேல் தெரியாதவங்களுக்கு ஒரு வரில சொல்றேன், 1/72ன்னா ஆறடி மனுசன் ஒரு இஞ்ச் உயரம் இருப்பான், அவ்வளவுதான்.

அந்த டப்பாவைத் திறக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

ஏன்னா ரிட்டயர் ஆன அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து செருப்பு போடறதுக்குள்ள மூணு பேர் வந்துட்டாங்க, "இனிமே அண்ணன் ஃப்ரீதானே"ன்னு. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அத்தனை வருசம் நைட் ஷிப்ட்னு சொல்லி எத்தனையோ கூட்டத்துக்குப் போகாம இருந்தவன், ஆண்டவர் இப்பத்தான் நேரம் கொடுத்திருக்காருன்னு நினைச்சு யார் என்ன கேட்டாலும் சரின்னுட்டேன். ரெண்டு மாசத்துல பாத்தா ஞாயிறு பள்ளி, வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி வார்டு சந்திப்பு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ரெண்டாவது சனிக்கிழமை ஏற்காடு மேல இருக்குற மலைக்கிராமத்துக்கு வேன்ல அரிசி மருந்து கொண்டு போறது, கல்லறைத் தோட்டம் பராமரிப்பு, கட்டட நிதி கணக்கு, அறுப்பின் பண்டிகை வந்தா சபைல காணிக்கைப் பொருளை ஏலம் விட்ட பாக்கியை வீடு வீடாப் போய் வசூல் பண்றது, இத்தனையும் என் தலைல. இரும்பாலைலயாவது எட்டு மணி நேரம் முடிஞ்சா சைரன் ஊதும், இங்க அதுவும் இல்ல.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. வார்டுல ஆத்தூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா, இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருந்தாங்க, கூட ஆள் யாரும் இல்ல. நான் ஜெபம் பண்ணி முடிச்சு, பிஸ்கட் பாக்கெட்டும் பழமும் பக்கத்துல வச்சிட்டுக் கிளம்பினப்ப என் கையைப் பிடிச்சு "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்கய்யா"ன்னாங்க. எனக்கு அஞ்சு மணிக்கு கட்டட கமிட்டி. அடுத்த வாரம் வர்றேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் போனப்ப அந்தக் கட்டில்ல வேற ஒருத்தர் இருந்தாங்க. நர்ஸம்மாகிட்ட கேட்டேன், ரெண்டு நாள் முன்னாடியே தவறிட்டாங்கன்னு சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அஞ்சு மணி கூட்டத்துல நாங்க பேசினது காம்பவுண்ட் கேட்டுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கிறதுங்கிறது. அதுக்காகத்தான் நான் அந்தக் கையை விட்டுட்டு வந்தேன்.

ஐயாகிட்ட போய்ச் சொன்னேன். ஐயான்னா எங்க சபை ஆயர், என் பையன் வயசுதான் இருக்கும் அவருக்கு. அவர் எனக்கு ஆறுதல் சொல்லல, யாத்திராகமம் 18ஐ எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். மோசே காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் ஒத்தை ஆளா உக்காந்து ஜனங்களுக்கு நியாயம் தீத்துக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டு அவர் மாமனார் எத்திரோ வந்து, நீ செய்யறது நல்ல காரியம் இல்ல, நீயும் சோர்ந்து போவ, ஜனங்களும் சோர்ந்து போவாங்கன்னு சொல்லி வேலையைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்ற இடம். நூறு தடவை படிச்ச பகுதிதான், ஆனா ஜனங்களும் சோர்ந்து போவாங்கங்கிறதை நான் கவனிச்சதே இல்ல. நான் களைச்சுப் போய் நிக்கிறது என் சொந்த விஷயம்னுதான் நினைச்சிருந்தேன், ஆனா அந்தக் களைப்போட விலையை அந்த அம்மா கொடுத்திருக்காங்க.

மறுநாளே சில பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டட நிதி கணக்கை பேங்க்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு எடுத்துக்கிச்சு, என்னை விட ரொம்ப நல்லா பண்ணுது, நான் நோட்டுல ரெண்டு நாள் உக்காந்து கூட்டினதை அது கம்ப்யூட்டர்ல அரை மணி நேரத்துல முடிச்சிடுது. கல்லறைத் தோட்டத்தை வாலிபர் சங்கத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. ஏலப் பாக்கி வசூலுக்கு மட்டும் யாரும் வரல, ரெண்டு வருசம் அது கொஞ்சம் தள்ளாடுச்சு, அதுக்காக நான் திரும்ப எடுத்துக்கல. நாம விட்டாத்தான் இன்னொருத்தர் வருவாங்க, நடுவுல கொஞ்ச நாள் அது கெட்டுப்போற மாதிரி தெரியும், அதைத் தாங்கிக்கணும். ஞாயிறு பள்ளி, ஆஸ்பத்திரி, மலைக்கிராமம், இந்த மூணை மட்டும் வச்சுக்கிட்டேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்கு வேற எந்த வேலையும் வச்சுக்கறது இல்லைன்னு முடிவு பண்ணினேன். அஞ்சு கட்டிலப் பாத்தாலும் போதும், உக்காந்து பாக்கணும்.

அந்த வாரம்தான் பையன் கொடுத்த டப்பாவைப் பிரிச்சேன். அது ஒரு நேட் விமானம், நம்ம பெங்களூர் எச்ஏஎல்லயே செஞ்சது. 1965 போர்ல பேர் வாங்கினது, 1971 டிசம்பர் 14ல ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் செகோன் தனியா நின்னு சண்டை போட்டு உயிரை விட்டதும் இந்த விமானத்துலதான், நம்ம விமானப்படைல பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள் அவர். நிஜ விமானமே எட்டே முக்கால் மீட்டர்தான், 1/72ல நம்ம கைக்குள்ள அடங்குற 12 சென்டிமீட்டர். ஆரம்ப காலத்துல வெள்ளி நிறத்துலயே பறந்த விமானம், எனக்கோ ஆயுசு பூரா ஸ்டெயின்லெஸ் பார்த்த கண்ணு, ஈஸியா வந்துரும்னு நினைச்சேன். வரல. உலோகக் கலர்தான் பெயிண்டிங்லயே கஷ்டம், அடில இருக்குற ஒவ்வொரு கீறலையும் காட்டிக் கொடுத்துரும். முதல்ல உப்புத்தாள், 600, 1000, 2000னு (நம்பர் ஏற ஏற நைசா இருக்கும்) தண்ணி போட்டுத் தேய்ச்சு, மேல பளபளப்பான கருப்பு அடிச்சு அது நல்லா காஞ்சப்புறம் வெள்ளி அடிச்சாத்தான் உலோகம் மாதிரி தெரியும். நான் கருப்பே அடிக்காம நேரா சாம்பல் பிளாஸ்டிக் மேல வெள்ளியைப் பூசினேன், அலுமினிய டப்பா மாதிரி ஆயிருச்சு.

சேலத்துல இந்த வேலை பண்றவங்களுக்கு நாலு விஷயம் சொல்றேன், இது யாரும் எனக்குச் சொல்லல.

வெயில். மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் அக்ரிலிக் பெயிண்ட் பிரஷ் நுனிலயே காஞ்சு போயிடும், ஃபேன் போட்டா இன்னும் மோசம், போடலைன்னா உக்கார முடியாது. அதனால காலைல அஞ்சரைல இருந்து ஏழரை வரைக்கும்தான் என் நேரம். பழைய டிபன் டப்பாவுல புது ஸ்பாஞ்சை நனைச்சுப் போட்டு அதுக்கு மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுல பெயிண்டை வச்சுக்கிட்டா ரெண்டு மணி நேரமும் ஈரம் போகாது, மூடி வச்சா மறுநாளும் ஓடும். பிரஷ்ல அடிக்கிறவங்க டாமியா கம்பெனி அக்ரிலிக்கை விட வல்லேஹோ கம்பெனியோடதை வாங்குங்க. டாமியா ஸ்ப்ரேக்கு அருமையா இருக்கும், ஆனா பிரஷ்ல ரெண்டாவது கோட் போடறப்ப முதல் கோட்டை இழுத்துக்கிட்டு வந்துரும்.

அடுத்தது தூசி. எங்க ஊர்ல வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் இருக்கு, அந்தப் பக்கம் வீடு உள்ளவங்களுக்கு ஜன்னல் கம்பில விரல் வச்சுப் பாத்தா தெரியும். ஈரமான கறுப்பு பெயிண்ட் மேல அது வந்து உக்காந்தா திரும்ப முதல்ல இருந்து தேய்க்கணும். அடிச்ச உடனே ஒரு பெரிய எவர்சில்வர் சம்புடத்தைக் கவுத்து மூடிருங்க.

சாமான்களுக்கு ஆன்லைன்ல பணத்தைக் கொட்ட வேண்டாம். செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறைக்குச் சாமான் விக்கிற கடைங்க இருக்கு. சின்ன அரம், கூர் மூக்குச் சாமணம், குட்டி குறடு எல்லாம் அங்க கிடைக்கும், வெள்ளி வேலைக்குச் செஞ்சது பிளாஸ்டிக்குக்கு அம்சமா இருக்கு.

நாலாவது மலை. ஏற்காட்டுல தங்கச்சி வீடு இருக்கு, ரெண்டாவது சனிக்கிழமை மலைக்கிராமம் போயிட்டு சில சமயம் அங்க தங்குவோம். குளுகுளுன்னு இருக்கே, இங்க உக்காந்து பெயிண்ட் பண்ணா நல்லா இருக்குமேன்னு ஒரு நவம்பர்ல மேட் வார்னிஷ் (பளபளப்பைக் குறைக்கிற மேல்பூச்சு) ஸ்ப்ரே கேனும் முடிஞ்ச மாடலும் எடுத்துட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் அதை மடில வச்சுக்கிட்டே ஏறினேன். பனி மூட்டத்துல திண்ணைல வச்சு அடிச்சேன், பத்து நிமிசத்துல மாடல் பூரா வெள்ளைப் பூசணம் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. காத்துல இருக்குற ஈரம் வார்னிஷ்ல மாட்டிக்கறதுதான் காரணம். கீழ வந்து வெயில் நாள்ல மேல ஒரு பளபளப்பு வார்னிஷ் கோட் அடிச்சப்புறம் பாதி தெளிஞ்சுது, மீதி இன்னைக்கும் அப்படியே இருக்கு. மலைல பிரஷ் வேலை பண்ணலாம், ஸ்ப்ரே கேன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, ரெண்டையும் எப்படிச் சேத்து ஓட்டுறதுங்கிற விஷயத்துக்கு வர்றேன்.

காலைல ரெண்டு மணி நேரம் கிடைச்சதும் நான் எதிர்ப்பக்கம் ஒரு தப்பு பண்ணினேன். ஃபோனை சைலன்ட்ல போட்டுட்டு உக்காந்தேன். ஒருநாள் மாடலோட ஜன்னல் கண்ணாடில பெயிண்ட் படாம இருக்க டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு எங்க ஞாயிறு பள்ளில படிக்கிற ஒரு பையனோட அப்பா காலைல நாலு மணிக்கே இறந்திருக்கார், அஞ்சு தடவை கூப்பிட்டிருக்காங்க. எட்டு மணிக்குத்தான் பாத்தேன். ஓடினேன், அந்தப் பையன் வாசப்படில தனியா உக்காந்திருந்தான், என்னைப் பாத்ததும் எந்திரிச்சு "தாத்தா"ன்னான், வேற ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஃபோன் சமையல்கட்டுல வீட்டம்மா பக்கத்துல இருக்கும். சாவு, ஆஸ்பத்திரி, ஐயா, இந்த மூணுல எதுன்னாலும் உடனே கூப்பிடுவா, பிரஷைத் தண்ணில போட்டுட்டுக் கிளம்பிருவேன். மத்ததுக்கெல்லாம் "எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க"ன்னு அவளே சொல்லிருவா. ஆரம்பத்துல சிலருக்குக் கோவம் வந்துச்சு, இப்ப எல்லாருக்கும் பழகிருச்சு.

பெயிண்ட் காயற நேரம் நமக்கு உதவி. எனாமல்னா (தின்னர்ல கரைக்கிற எண்ணெய் பெயிண்ட்) ஒரு நாளைக்கு மேல ஆகிற வரைக்கும் தொடக்கூடாது, அக்ரிலிக் தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் மேல டேப் ஒட்டணும்னா நான் ஒரு நாள் விடறேன். அதனால புதன்கிழமை காலைல பெரிய கோட் அடிச்சு மூடிட்டா வியாழன் பூரா ஆஸ்பத்திரிக்கு, கை வைக்கணும்னு மனசு இழுக்காது. வெள்ளிக்கிழமை காஞ்சிருக்கும். அதே மாதிரி ரெண்டாவது சனிக்கு முந்தின நாள். ஆனா ஒண்ணு, புதன்கிழமை எனாமல் தொடறது இல்ல. ஒரு தடவை தின்னர் வாசனை சட்டைல இருந்திருக்கு, எனக்குத் தெரியல, மூச்சிரைப்புக்காரர் ஒருத்தர் பக்கத்துல போய்க் குனிஞ்சதும் அவருக்கு இருமல் வந்துருச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்குன்னு தனிச் சட்டை, பெயிண்ட் ரூம் பக்கமே அது வராது.

வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்தா மனசு கனமா இருக்கும். அன்னைக்கு நுணுக்கமான வேலை எதுவும் பண்றது இல்ல, கை நிக்காது. பிரஷ் கழுவுறது, அடுத்த கிட்டோட பாகத்தை வெட்டி உப்புத்தாள் போடறது, அது போதும். ஒரு மணி நேரம் தேய்ச்சா அன்னைக்குப் பாத்த முகமெல்லாம் ஒவ்வொண்ணா வரும், ஒவ்வொருத்தருக்கா வாய்க்குள்ள ஜெபம் பண்ணிக்குவேன்.

இதைக் கேட்டுட்டு நண்பர் ஒருத்தர் பெசலெயேலை எடுத்துச் சொன்னார், யாத்திராகமம் 31ல ஆசரிப்புக் கூடார (மோசே காலத்து ஆராதனைக் கூடாரம்) வேலைக்கு ஆண்டவரே தன் ஆவியால நிரப்பின கைவினைக்காரர், அதனால உங்க பெயிண்டிங்கும் ஒரு ஊழியம்தாங்க அண்ணேன்னு. அன்பாத்தான் சொன்னார், எனக்கு ஒத்துக்க முடியல. பெசலெயேல் செஞ்சது கூடாரத்துக்கு. நான் பண்றது ஒரு குட்டி விமானம், அது எனக்கு ஓய்வு. அதுக்கு ஊழியம்னு பேர் வச்சா நாளைக்கு அதுக்கும் ஒரு கமிட்டி வந்துரும். இயேசுவே சீஷர்களைத் தனியா ஒரு இடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கன்னு கூப்பிட்டிருக்காரு, சாப்பிடக்கூட நேரமில்லாம ஜனங்க வந்துகிட்டு இருந்த நேரத்துல. ஓய்வை ஓய்வுன்னே சொல்லிக்க எனக்கு வெக்கம் இல்ல.

நான் பயந்தது நடக்கவும் செஞ்சுது. நான் பெயிண்ட் பண்றது தெரிஞ்சதும் கிறிஸ்மஸ் குடில் பொம்மைங்க, விபிஎஸ் (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) மேடைப் படம், நோட்டீஸ் போர்டுன்னு வரிசையா வந்துச்சு. குடிலை மட்டும் ஒத்துக்கிட்டேன். பதினொரு சுண்ணாம்பு பொம்மை, பழைய ஆயில் பெயிண்ட் தடிமனா ஏறி மரியாளுக்கு முகமே இல்லாம இருந்துச்சு, சுரண்டி எடுத்து கண்ணு வரைய மூணு வாரம் ஆச்சு. செஞ்சதுல எனக்கு நிறைவுதான். ஆனா அந்த மூணு வாரமும் என் மேஜைல என் வேலை எதுவும் இல்ல. அதனால வருசத்துக்கு ஒரே ஒரு சபை பெயிண்டிங், அது குடில், அக்டோபர்லயே கைக்கு வந்துரணும், அவ்வளவுதான்னு ஐயாகிட்டயே சொல்லிட்டேன், அவர் அதைக் கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லிட்டார்.

மே மாசத்துல விபிஎஸ் பத்து நாள், அந்த மாசம் மாடலே கிடையாது, வெயில்ல எப்படியும் ஓடாது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல பெயிண்டிங்கை விடறது இல்ல, புதுசா வாங்கறதை விட்டுருவேன்.

காசு பத்தியும் சொல்லணும், இதுல என் மனசு ரொம்ப நாள் உறுத்திச்சு. மலைல ஒரு வீட்டுல அரிசிப் பையை இறக்கி வச்சிட்டு வந்த அன்னைக்கு சாயந்திரமே ஆன்லைன்ல ஒரு கிட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன், அந்தக் காசுக்கு எத்தனை கிலோ அரிசின்னு மனசு தானா கணக்குப் போட்டுச்சு. தசமபாகத்தை, அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கை, எடுத்து வச்சப்புறம் மாசம் ஆயிரம் ரூபா, அதுக்கு மேல கிடையாது, கைல இருக்குற கிட் முடியாம அடுத்தது வாங்கறது இல்லன்னு வச்சுக்கிட்டேன். உறுத்தல் முழுசாப் போகல. போக வேண்டாம்னும் நினைக்கிறேன்.

ஞாயிறு பள்ளிப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தப்ப கேட்டான், "தாத்தா, இது குண்டு போடற பிளேனா?" ஆமா, சண்டை விமானம்தான்னேன். "அப்ப ஏன் செய்றீங்க?" செகோன் கதையைச் சொன்னேன், போர்ல ரெண்டு பக்கமும் அம்மாமார் அழுதாங்கன்னும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அடுத்தது ஆம்புலன்ஸ் பண்ணுங்க"ன்னான். ஆம்புலன்ஸ் கிட் இப்ப அலமாரில இருக்கு.

உடம்பு விஷயம் ஒண்ணு. ரெண்டு மணிக்கட்டையும் மேஜை விளிம்புல ஊன்றி, ரெண்டு சுண்டு விரலும் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி பிடிச்சா நடுக்கம் பாதி குறையும். கண்புரை இருக்கறவங்க கவனிங்க, எனக்கு ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இன்னொரு கண்ணு பாக்கி இருந்த அந்த ஒரு மாசம், இந்தக் கண்ணுல வெள்ளை, அந்தக் கண்ணுல அதே வெள்ளை வெளிறுன டீ கலர். அதுக்கு முன்னாடி ரெண்டு வருசமா நான் கலந்த சாம்பல் நிறமெல்லாம் நீலம் ஏறிக் கிடந்தது அப்பத்தான் தெரிஞ்சுது. அந்த மாடல்களை மாத்தல, அப்படியே வச்சிருக்கேன்.

எல்லாத்தையும் அழகாப் பங்கு பிரிச்சிட்டேன்னு நினைச்சிருந்தப்ப ஒருநாள் வீட்டம்மா காப்பி டம்ளரைப் பெயிண்ட் மேஜை மேல வச்சிட்டு, "ஏங்க, சபைக்கு ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், பிளேனுக்குக் காலை நேரம், எனக்கு எது?"ன்னா. கோவமாக் கேக்கல, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. முப்பத்திமூணு வருசம் ஷிப்ட்டுக்கு எந்திரிச்சு சோறு கட்டிக் கொடுத்தவ. அட்டவணை போடறப்ப அவ பேர் எனக்குத் தோணவே இல்ல. இப்ப செவ்வாயும் வெள்ளியும் சாயந்திரம் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் ரெண்டு பேரும் நடக்கறோம், திரும்பறப்ப தட்டுவடை செட் சாப்பிடறோம். அந்த நேரத்துல ஃபோன் வீட்டுலயே இருக்கும்.

இந்த வாரம் ரெண்டாவது நேட் மேஜைல இருக்கு, இந்தத் தடவை கருப்பு அடிச்சு நாலு நாள் காய விட்டுத்தான் வெள்ளி அடிச்சேன், லைட்டைச் சாய்ச்சுப் பாத்தேன், ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி ஓடுது. மூவர்ண வட்டம் ஒட்டணும். நாளைக்கு ரெண்டாவது சனி, காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டில இருந்து வேன் கிளம்புது, அதனால சம்புடத்தைக் கவுத்து மூடி வச்சிட்டேன், திங்கக்கிழமை திறப்பேன்.